சீரியல் போர்ட்டில் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

எடை மேடை இண்டிகேட்டர், சிஎன்சி மெஷின், பார்கோடு பிரிண்டர், பழைய யூபிஎஸ் என்று சீரியல் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரோடு பேசும் கருவிகள் இன்றும் நிறைய இருக்கின்றன. ஒருநாள் எடை திரையில் வராமல் நின்றுவிடும். வேலைக்குப் புதிதாக வந்தவர் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றுவார், கேபிளை மாற்றுவார், கூடவே ஸ்பீடு செட்டிங்கையும் மாற்றுவார். மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எது கெட்டிருந்தது, எது நன்றாக இருந்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. பழுது ஒன்றாக இருந்தது இரண்டாகவும் ஆகியிருக்கும்.

நான் விடாமல் பின்பற்றும் வரிசை இது: முதலில் போர்ட் மட்டும், அதில் எதுவும் மாட்டாமல். போர்ட் நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு கேபிள். கருவி கடைசியில்தான். கீழே உள்ள படிகள் 9 பின் ஆர்எஸ்-232 (வழக்கமான சீரியல் இணைப்பு முறை) போர்ட் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டருக்கானவை. யூஎஸ்பி கன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இவையே பொருந்தும். மாறுபடும் இடங்களில் சொல்கிறேன்.

1. முன்கூட்டியே தயார் செய்ய வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். டிசி 20 வோல்ட் ரேஞ்சும் கண்டினியூட்டி பீப்பும் (வயர் அறுபடாமல் இருந்தால் ஒலிப்பது) இருந்தால் போதும். டார்ச், ஒரு நோட்டு, பேனா ஆகியவையும் அவசியம். வோல்டேஜ் அளவுகளை எழுதி வைக்காதவர்கள் அதே பின்னைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருப்பார்கள்.

அடுத்தது லூப்பேக் பிளக். இதை நீங்களே செய்துகொள்ளலாம். 9 பின் பெண் கனெக்டர் ஒன்றை வாங்கி, 2, 3 ஆகிய இரண்டு கால்களையும் சிறு வயரால் சால்டர் செய்துவிடுங்கள். கம்ப்யூட்டர் அனுப்புவது அப்படியே அதன் காதுக்குத் திரும்பி வர வேண்டும், அதற்குத்தான் இந்தப் பிளக். பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகும் பழக்கம் வேண்டாம். அது சுற்றியுள்ள உலோகக் கூட்டைத் தொட்டுவிட்டால் நல்ல போர்ட்டும் பழுது போலத் தெரியும்.

எண்ணுவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஆண் கனெக்டரை நேராகப் பார்க்கும்போது ஒரு பக்கமிருந்து ஆரம்பிக்கும் எண், பெண் கனெக்டரில் எதிர்ப் பக்கமிருந்து ஆரம்பிக்கும். தலைகீழாக எண்ணினால் 2 இருக்க வேண்டிய இடத்தில் 4 வந்துவிடும். 2-3 என்று நினைத்து நீங்கள் 4-3 ஐ இணைத்திருப்பீர்கள். ஒவ்வொரு துளையின் பக்கத்திலும் பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் எண் இருக்கும். டார்ச் அடித்து அதைப் படித்தே சால்டர் செய்யுங்கள்.

முடிந்தால் இரண்டாவது பிளக் ஒன்றும் செய்யுங்கள். அதில் 2-3 தவிர, 7-8 ஒரு இணைப்பு, 4-6-1 இன்னொரு இணைப்பு. 7-8 இணைப்பை மட்டும் கழற்றி மாட்டும்படி விடுங்கள். இது ஏழாம் படியில் பயன்படும்.

போர்ட்டுக்கு எழுத்துகளை அனுப்பி, வருவதைத் திரையில் காட்டும் புட்டி (PuTTY) என்ற இலவச மென்பொருள் கம்ப்யூட்டரில் வேண்டும். டெரா டெர்ம் இருந்தாலும் சரி. கருவியின் சொந்த சாஃப்ட்வேரை வைத்துப் போர்ட்டைச் சோதிக்காதீர்கள். அது எண்ணைக் காட்டவில்லை என்றால் காரணம் போர்ட்டா, செட்டிங்கா, சாஃப்ட்வேரா என்று பிரிக்க வழியே இல்லை.

2. சரியான சாக்கெட்டைத்தான் பார்க்கிறீர்களா?

கம்ப்யூட்டரில் உள்ள சீரியல் போர்ட் ஆண் வகை. ஒன்பது ஊசிகள், மேலே ஐந்து, கீழே நான்கு. அதே அளவுக் கூட்டில் மூன்று வரிசைத் துளைகள் இருந்தால் அது மானிட்டருக்கான விஜிஏ. 25 துளைகள் உள்ள பெண் சாக்கெட் பழைய பிரிண்டர் போர்ட். 25 ஊசிகள் உள்ள ஆண் சாக்கெட் என்றால் அது சீரியல்தான். அதிலும் 2, 3 தான் டேட்டா பின்கள், ஆனால் கிரவுண்டு 7 ஆம் பின்.

ஒன்பது பின்னில் 2 டேட்டா வாங்குவது, 3 அனுப்புவது, 5 கிரவுண்டு. மற்றவை ‘தயாரா, அனுப்பலாமா’ என்று சைகை காட்டும் லைன்கள்: 7 ஆர்டிஎஸ், 8 சிடிஎஸ், 4 டிடிஆர், 6 டிஎஸ்ஆர், 1 டிசிடி, 9 ரிங். முதல் மூன்றும் மனப்பாடமாக இருக்கட்டும். மற்றவற்றை நோட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

வளைந்த ஊசி, உள்ளே தள்ளப்பட்ட ஊசி, பச்சை பூத்த ஊசி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ போடாமல் தொங்கவிட்ட கேபிள்தான் ஊசிகளை வளைக்கிறது.

பில்லிங் மெஷினாக விற்கப்படும் கம்ப்யூட்டர்களில் ஒரு எச்சரிக்கை. அவற்றில் பலவற்றில் 9 ஆம் பின்னில் 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் பவர் வரும்படி போர்டில் ஜம்பர் இருக்கும். ஸ்கேனருக்கு அங்கிருந்தே கரண்ட் கொடுப்பதற்காக வைத்தது. அதனால் 9 ஐ எதனோடும் இணைக்காதீர்கள்.

3. விண்டோஸ் கண்ணுக்குப் போர்ட் தெரிகிறதா?

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்ற பிரிவில் காம் 1, காம் 2 என்று எது இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பிரிவே இல்லை என்றால் பயோஸுக்கு (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங் திரை) போய் சீரியல் போர்ட் எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். காம் 1 க்கு வழக்கமான முகவரி 3எஃப்8, ஐஆர்கியூ 4. காம் 2 க்கு 2எஃப்8, ஐஆர்கியூ 3. பயோஸ் பேட்டரி தீர்ந்துபோன கம்ப்யூட்டரில் செட்டிங் தானாக மாறிக் கிடப்பது உண்டு.

ஒன்றை மறக்க வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் தெரிகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் சிப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். அதற்கும் வெளியே தெரியும் ஊசிக்கும் நடுவே ஒரு டிரைவர் ஐசி (சிக்னலை ஊசிக்கு வேண்டிய வோல்டேஜாக மாற்றும் சிப்) இருக்கிறது. இடி மின்னலில் போவது பெரும்பாலும் அந்த ஐசிதான். அது எரிந்துபோனாலும் டிவைஸ் மேனேஜர் போர்ட் நன்றாக இருப்பதாகவே சொல்லும்.

யூஎஸ்பி கன்வெர்ட்டர் என்றால் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். கோடு 10 என்று வந்தால் கன்வெர்ட்டரின் சிப்புக்கு விண்டோஸில் ஏற்றிய டிரைவர் மென்பொருள் பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம். பழைய புரோலிஃபிக் சிப்புகளிலும் அவற்றின் போலிகளிலும் இது சகஜம். இன்னொரு விஷயம்: பல கன்வெர்ட்டர்களை வேறு யூஎஸ்பி சாக்கெட்டில் செருகினால் காம் எண் மாறிவிடும். நேற்று காம் 3, இன்று காம் 5. கடையைப் பெருக்கும்போது யாரோ பிடுங்கி வேறு இடத்தில் செருகியதால் வந்த பழுது என்று இதில் எத்தனையோ உண்டு.

லினக்ஸில் வேலை செய்பவர்கள் தங்கள் பயனர் பெயர் டயல்அவுட் குழுவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் போர்ட் தெரியும், ஆனால் திறக்காது. உபுண்டு 22.04 இல் சிஎச்340 வகைக் கன்வெர்ட்டர் செருகியவுடன் மறைந்துபோனால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளைத் தேடும் பிஆர்எல்டிடிஒய் சேவை அதைப் பிடித்துக்கொள்கிறது என்று அர்த்தம். பிரெய்ல் கருவி பயன்படுத்தாத கம்ப்யூட்டரில் அதை நீக்கலாம்.

4. போர்ட்டைத் திறக்க முடிகிறதா?

புட்டியில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, காம் எண்ணைக் கொடுங்கள். ஸ்பீடு 9600, டேட்டா பிட் 8, ஸ்டாப் பிட் 1, பேரிட்டி (பிழையைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) இல்லை. ஃப்ளோ கண்ட்ரோல் (டேட்டாவை நிறுத்தவும் தொடரவும் சொல்லும் முறை) தானாக எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் என்று இருக்கும். அதை இல்லை என்று மாற்றுங்கள். டெர்மினல் பக்கத்தில் லோக்கல் எக்கோவை (தட்டியது போர்ட்டிலிருந்து திரும்பி வராமலே திரையில் தெரிவது) ஃபோர்ஸ் ஆஃப் செய்யுங்கள். இந்த இரண்டு மாற்றங்களையும் செய்யாமல் ஆரம்பித்தால் பின்னால் வரும் சோதனைகளை நம்ப முடியாது.

திறக்க மறுத்தால் பெரும்பாலும் வேறு ஒரு புரோகிராம் அதே போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். எடை சாஃப்ட்வேரை மூடினால் மட்டும் போதாது. அதன் சர்வீஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் பார்த்து அதை நிறுத்துங்கள்.

5. வோல்டேஜ் அளந்து பாருங்கள்

பலர் நேராக லூப்பேக் சோதனைக்குப் போய்விடுகிறார்கள். நான் மீட்டரை முதலில் எடுக்கச் சொல்கிறேன். லூப்பேக் தோற்றால் அனுப்பும் பக்கம் போனதா, வாங்கும் பக்கம் போனதா என்று அது சொல்லாது. மீட்டர் சொல்லிவிடும்.

புட்டியில் போர்ட்டைத் திறந்தே வைத்திருங்கள். சில கன்வெர்ட்டர் சிப்புகள் போர்ட் மூடியிருக்கும்போது தூங்கிவிடும். அப்போது அளந்தால் எல்லாம் சுழியம் என்று வரும், நல்ல கன்வெர்ட்டரைக் குப்பையில் போடுவீர்கள்.

கறுப்பு முனையை 5 ஆம் பின்னில் வையுங்கள், சிவப்பை 3 இல். ஆர்எஸ்-232 இல் சும்மா இருக்கும் லைன் நெகட்டிவாக இருக்கும். மதர்போர்டு போர்ட்டில் மைனஸ் 10, மைனஸ் 11 என்ற அளவில் வருவது வழக்கம். யூஎஸ்பி கன்வெர்ட்டரில் மைனஸ் 5, மைனஸ் 6 வந்தாலும் சரி. விதிப்படி அனுப்பும் பக்கம் 5 முதல் 15 வோல்ட் வரை கொடுக்க வேண்டும். வாங்கும் பக்கத்துக்கு 3 வோல்ட்டாவது கிடைக்க வேண்டும்.

அடுத்து 7, 4 ஆகியவற்றை அளக்கவும். புட்டி திறந்திருக்கும்போது இவை பாசிட்டிவாக இருக்கும். புட்டியை மூடினால் நெகட்டிவுக்குப் போக வேண்டும் (தூங்கிவிடும் கன்வெர்ட்டரில் மட்டும் சுழியம் வரலாம்). இந்த மாற்றம் நடந்தால் அந்த இரண்டு லைன்களும் நன்றாக இருக்கின்றன. 2, 8, 6, 1 எல்லாம் வாங்கும் பின்கள், எதுவும் மாட்டாதபோது சுழியத்தை ஒட்டியே இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

3 ஆம் பின்னில் சுழியம் வந்தால் உடனே ஐசி போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கறுப்பு முனையைக் கனெக்டரின் உலோகக் கூட்டில் வைத்து மறுபடி அளக்கவும். இப்போது அளவு வந்தால் 5 ஆம் பின்னின் கிரவுண்டு எங்கோ விட்டிருக்கிறது.

டெஸ்க்டாப்பில் இன்னொரு காரணம் உண்டு, நிறையப் பேர் இதைத் தவறவிடுகிறார்கள். பல மதர்போர்டுகளில் சீரியல் டிரைவர் ஐசிக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) பிளஸ் 12, மைனஸ் 12 இரண்டும் போகின்றன. மைனஸ் 12 வரும் நீல வயரில் சப்ளை இல்லை என்றால் கம்ப்யூட்டரில் மற்ற எல்லாம் ஒழுங்காக ஓடும், சீரியல் போர்ட் மட்டும் நெகட்டிவுக்குப் போகாது. இரண்டு காம் போர்ட்டும் ஒரே மாதிரி செத்திருந்தால் முதலில் நீல வயரை அளக்கவும்.

சும்மா இருக்கும்போது பிளஸ் 3.3 அல்லது பிளஸ் 5 காட்டுகிறதா? அது ஆர்எஸ்-232 கன்வெர்ட்டரே இல்லை, சிப்புகளுக்கு இடையே ஓடும் குறைந்த வோல்டேஜில் பேசும் டிடிஎல் லெவல் போர்டு. எடை இண்டிகேட்டரோடு அதை நேராக இணைத்தால் போர்டு எரியும்.

கம்ப்யூட்டரின் பின்பக்கத் தகட்டில் கனெக்டரைப் பொருத்தி, உள்ளே ரிப்பன் கேபிளால் மதர்போர்டோடு இணைத்திருந்தால் அந்தக் கேபிளையும் சந்தேகப்படுங்கள். பத்து ஊசி ஹெடரிலிருந்து ஒன்பது பின்னுக்கு வரும் வயரிங் இரண்டு வகைகளில் கிடைக்கிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வேறு போர்டிலிருந்து கழற்றிய கேபிளை மாட்டினால் பின்கள் இடம் மாறிவிடும். மதர்போர்டு மேனுவலில் உள்ள படத்தை வைத்துக் கண்டினியூட்டி பார்த்தால் தெரிந்துவிடும்.

6. லூப்பேக் சோதனை

2-3 இணைத்த பிளக்கை மாட்டி, புட்டியில் எழுத்துகளைத் தட்டுங்கள். தட்டியது திரையில் வர வேண்டும். வந்துவிட்டதா? இப்போது பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி தட்டுங்கள். எழுத்து வரக் கூடாது.

கழற்றிப் பார்க்கும் இந்தப் பாதியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் சோதனையின் முக்கியப் பாதி. பிளக் இல்லாமலும் எழுத்து வந்தால் லோக்கல் எக்கோ ஆன் ஆகியிருக்கிறது, அல்லது நீங்கள் திறந்தது வேறு காம் எண், அல்லது கனெக்டருக்குள் 2 உம் 3 உம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எதுவாக இருந்தாலும் முன்பு கிடைத்த வெற்றி செல்லாது.

என்டர் தட்டினால் கர்சர் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் ஆரம்பத்துக்குத் திரும்பி, பழைய எழுத்தின் மேல் புதிய எழுத்து விழும். இது பழுது இல்லை. புட்டி வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் குறியை மட்டும் அனுப்புகிறது, அதுவே திரும்பி வருகிறது.

அப்புறம் ஒரு நீண்ட பத்தியை எண்களோடு பேஸ்ட் செய்து, எதுவும் விடுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். பிளக் மாட்டிய நிலையிலேயே 3 ஆம் பின்னின் வோல்டேஜையும் பிளக்கின் சால்டர் காலில் வைத்து அளக்கவும். தனியாக இருந்தபோது வந்த அளவிலிருந்து கொஞ்சம் இறங்கலாம். மைனஸ் 10 இருந்தது மைனஸ் 4 ஆனால் ஐசி பலவீனமாகிவிட்டது. அந்தப் போர்ட் லூப்பேக்கில் பாஸாகும், நீளமான கேபிள் மாட்டியதும் தடுமாறும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அனுப்புவதும் வாங்குவதும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதால் எந்த ஸ்பீடு வைத்தாலும் லூப்பேக் பாஸாகும். ‘9600 இல் பாஸ், அதனால் ஸ்பீடு சரி’ என்று நினைக்கக் கூடாது. ஸ்பீடு சரியா என்பது கருவியோடு பேசும்போதுதான் தெரியும்.

7. ஹேண்ட்ஷேக் லைன்கள்

கருவியின் மேனுவலில் ஆர்டிஎஸ், சிடிஎஸ் பற்றிய பேச்சே இல்லை என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். சிஎன்சி மெஷின்களுக்கும் பிரிண்டர்களுக்கும் பெரும்பாலும் தேவைப்படும்.

புட்டியில் ஃப்ளோ கண்ட்ரோலை ஆர்டிஎஸ்/சிடிஎஸ் என்று மாற்றுங்கள். 7-8 இணைப்பு இல்லாமல் 2-3 மட்டும் இருக்கும்போது தட்டிய எழுத்து வரக் கூடாது. 7-8 ஐ இணைத்ததும் காத்திருந்த எழுத்துகள் மொத்தமாக வந்து விழும். அப்படி வந்தால் இரண்டு லைன்களும் நன்றாக வேலை செய்கின்றன. 4 ஆம் பின்னை ஏற்கனவே மீட்டரில் பார்த்துவிட்டோம்.

சில ஆர்எஸ்-485 (நீண்ட தூரத்துக்கான சீரியல் முறை) கன்வெர்ட்டர்களும், இரண்டு பக்கத்தையும் மின்சார இணைப்பு இல்லாமல் பிரித்து வைக்கும் ஐசொலேட்டர்களும் தங்களுக்கு வேண்டிய கரண்டை டிடிஆர், ஆர்டிஎஸ் லைன்களிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அவை மாட்டியிருந்தால் மாட்டிய நிலையில் 4, 7 இரண்டையும் அளக்கவும். அங்கே வோல்டேஜ் படுத்துவிட்டால் டேட்டா லைனில் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது.

8. இப்போது கேபிள்

போர்ட் தேறிவிட்டது. கேபிளைக் கம்ப்யூட்டரில் மாட்டி, மறுமுனையில் 2-3 ஐ இணைத்து அதே லூப்பேக் சோதனையைச் செய்யுங்கள். தட்டிக்கொண்டே கேபிளை நெடுக ஆட்டிப் பாருங்கள், முக்கியமாகக் கனெக்டருக்குள் நுழையும் இடத்தில். எழுத்து விட்டுவிட்டு வந்தால் அங்கே வயர் அறுந்திருக்கிறது. கிரவுண்டு வயரை இந்தச் சோதனை பார்க்காது. 5 இலிருந்து 5 க்குத் தனியாகக் கண்டினியூட்டி பார்க்க வேண்டும்.

நேர் கேபிளா (2 க்கு 2, 3 க்கு 3), கிராஸ் கேபிளா (2 க்கு 3, 3 க்கு 2) என்பதையும் இது காட்டாது. இரண்டிலுமே 2-3 இணைப்பு பாஸாகிவிடும். அதைத் தெரிந்துகொள்ள மீட்டர் வைத்து ஒரு சுலபமான வழி இருக்கிறது. நெகட்டிவாக இருக்கும் டேட்டா பின் எதுவோ, அதுதான் அனுப்பும் பின். கேபிளைக் கருவியில் மாட்டாமல், கருவியை ஆன் செய்து அதன் சாக்கெட்டில் 2, 3 இல் எது நெகட்டிவ் என்று பாருங்கள். கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளின் முனையிலும் அதையே பாருங்கள். இரண்டிலும் ஒரே எண் நெகட்டிவ் என்றால் இருவரும் ஒரே வயரில் பேசப் பார்க்கிறார்கள், கேபிள் வகையை மாற்ற வேண்டும். வெவ்வேறு எண் என்றால் கேபிள் சரி.

நீளம் 15 மீட்டருக்குள் இருப்பது நல்லது. அதைத் தாண்டினால் ஸ்பீடைக் குறைக்க வேண்டும். எடை மேடையிலிருந்து ஆபீஸ் அறை தூரமாக இருந்தால் ஆர்எஸ்-485 க்கு மாறுவதுதான் நிரந்தர வழி.

9. கருவியில் மாட்டும் முன் எர்த்

போர்ட்டுகளை எரிக்கும் காரணம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மீட்டரை ஏசி 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து, மாட்டாத கேபிள் முனையின் 5 ஆம் பின்னுக்கும் கருவியின் 5 ஆம் பின்னுக்கும் நடுவே அளக்கவும். வெறும் கையால் இரண்டையும் தொடாதீர்கள். ஓரிரு வோல்ட் வந்தால் பரவாயில்லை. 100 ஐ ஒட்டி வந்தால் இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லை. எர்த் இல்லாத எஸ்எம்பிஎஸ், 230 வோல்ட்டில் பாதியளவை அதன் கூட்டில் கசியவிடும். கேபிளைச் செருகும் அந்த நொடியில் கிரவுண்டு பின்னுக்கு முன்னால் டேட்டா பின் தொட்டுவிட்டால் அவ்வளவும் டிரைவர் ஐசி வழியாகப் பாயும்.

எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகே மாட்டுங்கள். மாட்டும்போது இரண்டு பக்கமும் ஆஃபில் இருக்கட்டும். கேபிள் கட்டடத்துக்கு வெளியே போகிறது என்றால் ஆப்டோ ஐசொலேட்டர் ஒன்றைப் போடுங்கள், ஒரு மதர்போர்டின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை.

10. கருவியை இணைத்தபின் திரை சொல்வது

ஃப்ளோ கண்ட்ரோலைக் கருவியின் மேனுவலில் உள்ளபடி வைத்துவிட்டு, இதையும் புட்டியிலேயே பாருங்கள், கருவியின் சாஃப்ட்வேருக்கு இன்னும் போக வேண்டாம்.

எதுவுமே வரவில்லை என்றால், கருவி தானாக அனுப்பும் வகையா, கேட்டால் மட்டும் அனுப்பும் வகையா என்று அதன் மெனுவில் பாருங்கள். இண்டிகேட்டர்களில் இரண்டும் உண்டு. கேட்டால் அனுப்பும் வகை, கேட்கும் வரை சும்மாதான் இருக்கும்.

எல்லாமே குப்பையாக வந்தால் ஸ்பீடு தவறு. 1200, 2400, 4800, 9600, 19200 என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள், மற்ற எதையும் தொடாமல்.

பாதி சரி, பாதி குப்பை என்றால் பேரிட்டி. கருவி 7 பிட், ஈவன் பேரிட்டியில் அனுப்ப, நீங்கள் 8 பிட், பேரிட்டி இல்லாமல் வாங்கினால் 0, 3, 5, 6, 9 சரியாக வரும். 1, 2, 4, 7, 8 மட்டும் குப்பையாகும். இந்த ஐந்து எண்கள் மட்டும் கெட்டு வந்தால் கேபிளையோ போர்ட்டையோ குறை சொல்ல வேண்டாம், செட்டிங்கை 7, ஈவன், 1 என்று மாற்றினால் தீர்ந்தது.

சரியாக வந்துகொண்டே இருந்துவிட்டு நடுவில் குப்பை வந்தால், பக்கத்தில் மோட்டாரோ வெல்டிங் மெஷினோ ஓடும் நேரமா என்று கவனியுங்கள். கேபிளை பவர் வயரிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

11. போர்ட்தான் பழுது என்று உறுதியானால்

ஐந்தாம் படியிலோ ஆறாம் படியிலோ தோற்று, எஸ்எம்பிஎஸ்ஸும் உள் கேபிளும் சரியாக இருந்தால் டிரைவர் ஐசி போயிருக்கும். பல டெஸ்க்டாப் போர்டுகளில் அது 75232 என்று எண்ணிட்ட 20 கால் ஐசி, சீரியல் கனெக்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும். போர்டு வேலை தெரிந்தவர் அதை மாற்றித் தருவார். அந்த வசதி இல்லாத ஊரில் பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு ஒன்று போடுவது நல்லது. யூஎஸ்பி கன்வெர்ட்டரும் போடலாம். ஆனால் பழைய டாஸ் சாஃப்ட்வேர்கள் போர்ட் முகவரியை நேராகத் தொடுபவை, அவற்றுக்குக் கன்வெர்ட்டர் ஒத்து வராது.

எதை மாற்றினாலும் கருவியை உடனே மாட்டாமல், புதிய போர்ட்டில் 3, 4, 7 ஆகிய பின்களின் வோல்டேஜை அளந்து, லூப்பேக்கும் பார்த்து, அளவுகளையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த முறை வருபவர் எந்த வோல்டேஜிலிருந்து இறங்கியிருக்கிறது என்று பார்த்தே வேலையைத் தொடங்கலாம்.